தண்டயல் காக்காவும் செம்பனின் காலும்

நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட, இடுப்பில் உடுக்கிற ஒரு பழைய சாரம். அதை நீளவாக்கில் கிழித்து, நான்காக மடித்து, இரண்டு தலைப்பிலும் கையளவு கயிறு வைத்துத் தைத்திருந்தது. தையல், பாய்த்துணி தைக்கிற தையல். இழுத்தால் துணி கிழியுமே தவிர நூல் விடாது. எழுபதுகளின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மூன்று மாதம் அது என் அறைக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை முடிந்த நாயை நடத்துவதற்கான தூக்கு அது. வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கயிற்றையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டால், நாயின் பின்பாரம் நம்முடைய கைக்கு வந்துவிடும். நாய் என்னுடையது. தூக்கைத் தைத்தவர் தண்டயல் காக்கா. அவர் நாயைத் தொடாத மனிதர் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவதில் பாதி விளங்காது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாத, தோட்டமும் கிணறுமான ஓர் ஊரிலிருந்து, திருகோணமலைத் துறைமுகத்துப் பட்டறை ஒன்றின் களஞ்சியத்துக்கு எழுதுவினைஞனாக மாற்றலாகி வந்திருந்தேன். பட்டறை இருந்தது குடாவின் மறுகரையில். காலையில் ஊழியர்களை உட்துறைமுகத்து இறங்குதுறையில் ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு மர லோஞ்சி, இஞ்சின் பூட்டிய படகு, இருந்தது. அந்த லோஞ்சியின் தண்டயல், அதாவது அதை ஓட்டுகிற பொறுப்பாளர், கிண்ணியாவைச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். பட்டறையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். பெரிய இஞ்சினியர்கூட ஆத்திரம் வராத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய முழுப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. பார்த்திருக்கிறேனே தவிர ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

செம்பன் நான் வாடகைக்கு எடுத்த அறையோடு சேர்ந்து வந்த நாய். எனக்கு முன் அங்கே இருந்தவர் கதிரையையும் விட்டுப் போயிருந்தார், நாயையும் விட்டுப் போயிருந்தார். செம்மண் நிறம், நான்கு பாதத்திலும் வெள்ளை. நான் வந்து ஒரு வாரம் ஆகுமுன், முதல் கிழமையே, என் பின்னால் இறங்குதுறைக்கு வந்து, கேட்காமல் லோஞ்சியில் ஏறி, முன்முனையில், அணியத்தில் போய் நின்றுகொண்டது. காக்கா அதை விரட்டவில்லை. அடுத்த நாள் ஒரு சூடை மீனைக் கொண்டுவந்து, கிட்டப் போகாமல், பத்தடி தூரத்திலிருந்து போட்டார். செம்பன் அதை அந்தரத்திலேயே பிடித்தது. அன்றைக்கு ஆரம்பித்த உறவு அது. சோறு போட்டவன் நான், உண்ணி பிடுங்கியவன் நான். வால் ஆடியது அவருக்கு. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அவர் தொடாததற்குக் காரணம் வெறுப்பல்ல. அதை அவரே ஒருநாள் விளக்கினார். "காஞ்ச நாயைத் தொட்டாக் குத்தமில்ல எண்டுதான் எங்கட ஆலிம்சா சொல்றார். ஈரம் பட்டாத்தான் ஏழு தண்ணி ஊத்திக் கழுவ வேணும். அதில ஒண்டு மண் கலந்த தண்ணி. ஆனா தம்பி, இவர் எப்ப காஞ்சிருக்கிறார், சொல்லுங்க பாப்பம்?" துறைமுகத்து நாய், பாதி நாள் கடலுக்குள், மீதி நாள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவர் கேட்டது நியாயமான கேள்வி. செம்பனும் இந்த ஒப்பந்தத்தை எப்படியோ விளங்கிக்கொண்டிருந்தது. எல்லோர் மீதும் பாய்ந்து ஏறுகிற நாய், காக்காவுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளியே நிற்கும். நின்று, உடம்பு முழுவதும் ஆட வாலை ஆட்டும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். செம்பனுக்கு ஒரு விளையாட்டுப் பழகியிருந்தது. லோஞ்சி கரையை அணைய வந்து, இடையில் இரண்டு முழத் தண்ணீர் இருக்கும்போதே, நான் "ஹோய்" என்றால் பாய்ந்து ஏறும். துறையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு இருப்பதாக நினைத்துக்கொள்வேன். ஒரு தைப்பொங்கலுக்குப் பிறகு ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தான். கடற்கரை, கோட்டை, வெந்நீர்க் கிணறு எல்லாம் காட்டியாயிற்று. என் நாயையும் காட்ட வேண்டும் அல்லவா. லோஞ்சி வந்துகொண்டிருந்தது. காக்கா கையை உயர்த்தி, பொறு என்று சைகை காட்டியதைக் கண்டேன். கண்டும் "ஹோய்" என்றேன். மச்சான் அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான், இன்னும் பொறுத்தால் லோஞ்சி கரைக்கு வந்துவிடும் என்ற அவசரம்.

செம்பன் பாய்ந்தது. லோஞ்சியின் விளிம்பில் மோதல் தாங்குவதற்குப் பழைய டயர்கள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முன்னங்கால் இரண்டும் பலகையில் விழுந்தன; இடது பின்னங்கால் டயர் ஓட்டைக்குள் போனது. அலை லோஞ்சியைத் தூக்க, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கால் திரும்பவில்லை. அது கத்திய கத்தல் குடாவின் அந்தக் கரைவரை கேட்டிருக்கும். காக்கா சுக்கானை விட்டுவிட்டு ஓடி வந்து, தன் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து நாயின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து அப்படியே தூக்கிப் பலகையில் வைத்தார். தூக்கு என்ற யோசனை அவருக்கு அந்த நிமிடத்திலேயே வந்திருக்க வேண்டும்.

வீக்கம் ஒரு கிழமையில் வற்றியது. ஆனால் கால் ஊன்றவில்லை. மூன்று காலில் துள்ளித் துள்ளிப் போகும். நிற்கும்போது விரல் நுனியால் நிலத்தைத் தொட்டுப் பார்த்து, சுட்டதுபோல் எடுத்துக்கொள்ளும். காக்காதான் மிருக வைத்தியரிடம் போகச் சொன்னார். வைத்தியர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், படித்து முடித்து வந்து அதிகக் காலமில்லை. தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். செம்பனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையெலும்பையும் மறு கையால் கீழெலும்பையும் பிடித்து மெல்ல முன்னே தள்ளினார். கீழெலும்பு இழுப்பறை மாதிரி வெளியே வந்தது. "அலுமாரி லாச்சி திறக்கிற மாதிரி" என்றேன்.

"இவ்விரு எலும்புகளையும் பிணைக்கும் நாண் அறுந்துவிட்டது" என்றார். "இப்படியே விட்டால் வலி குறையலாம். ஆனால் மூட்டு தேய்ந்து, இந்த நாய் ஆயுள் முழுவதும் நொண்டும்." பேராதனையில் தன்னுடைய பேராசிரியர் ஒரு சத்திரசிகிச்சை செய்ததைப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை பார்த்திருக்கிறாராம். தொடையெலும்பின் பின்புறத்தில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. அதைச் சுற்றி ஒரு கனமான நைலோன் இழையை எடுத்து, கீழெலும்பின் முன்பக்கத்தில் துளையிட்டு, அதன் வழியாக வாங்கி இறுக்கி முடிந்துவிட வேண்டும். அறுந்த நாணின் வேலையை அந்த இழை பார்க்கும். தான் தனியாகச் செய்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த வகை இழையும் தன்னிடம் இல்லை, துளையிடுகிற சின்ன அலகும் இல்லை என்றார். பாண் ரொட்டிக்கே விடியற்காலையில் வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம் அது.

அலகுக்கு நான் இருந்தேன். களஞ்சியத்துச் சாவி என் இடுப்பில். இஞ்சினியரிடம் சொல்லி, மெல்லிய அலகு ஒன்றையும் அதைச் சுழற்றுகிற கைத் துறப்பணத்தையும் கையெழுத்து வைத்து எடுத்தேன். இழைக்குக் காக்கா இருந்தார். அவரிடம் ஒரு சுருள் தங்கூசி இருந்தது. மீன்பிடிக்கிற நைலோன் நரம்புக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. எப்போதோ ஒரு கப்பற்காரன் கொடுத்த வெளிநாட்டுச் சரக்கு. சல்லி என்ற ஊரிலிருந்து வந்த மீனவர்கள் நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காமல், லீவு நாளில் தான் தூண்டில் போடுவதற்காக எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தார். சுருளின் மேல்பாகம் வெயில் பட்டது என்று சொல்லிப் பல முழம் கழற்றி, உள்ளே இருந்த நல்ல நரம்பில் மூன்று முழம் வெட்டினார். ஒரு தலைப்பை லோஞ்சிக் கட்டையில் கட்டி, மறு தலைப்பைக் கையில் சுற்றி, காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். "இதில எனக்கு ஒரு திருக்கை ஏறினது தம்பி. ஒரு கதவு அகலம். இவர் என்ன, நாலு காலில ஒண்டுதானே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரசிகிச்சை நடந்தது. மயக்க ஊசி ஏறும்வரை செம்பனின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் கண் என்னையே பார்த்து, பிறகு என்னைத் தாண்டிப் போய், பிறகு எதையும் பார்க்கவில்லை. வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். காக்கா கிண்ணியாவிலிருந்து வந்து வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை போடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வைத்தியர் நெற்றி வியர்வையோடு வந்து, "முடிச்சு நன்றாக விழுந்தது" என்றார். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். நைலோன் என்றென்றைக்கும் தாங்காது. ஒருநாள் தளரும், அல்லது அறும். அதற்குள் மூட்டைச் சுற்றி நாயின் சொந்தத் தசையும் சவ்வும் தடித்து இறுகிவிட வேண்டும். அதற்கு எட்டுக் கிழமையாவது வேண்டும். அந்த எட்டுக் கிழமையில் ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, முக்கியமாகக் குதிக்கவே கூடாது. குதித்து நரம்பு அறுந்தால் இரண்டாம் முறை செய்யத் தன்னால் முடியாது என்று அந்தச் செய்தித் தமிழில் தெளிவாகச் சொன்னார். ஆக, குதிப்பதற்கென்றே பிறந்த ஒரு நாயை, குதிக்கப் பழக்கிய நான், எட்டுக் கிழமை குதிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காக்கா தூக்கைத் தைத்துக் கொண்டுவந்தார். எனக்கு இரண்டு கிழமை லீவு. முதல் நாட்களில் மீன் வாடியிலிருந்து ஐஸ் வாங்கி, துவாயில் சுற்றி முழங்காலில் வைத்தேன். வீக்கம் போனபின் சுடுதண்ணீர்த் துணி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை, காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். முதல் நாள் செம்பன் என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தது. கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறகு தூக்கில் நடை. முதல் கிழமை முற்றத்தில் ஐந்து நிமிடம். பின்னேரம் லோஞ்சியைக் கட்டிவிட்டுக் காக்கா வருவார். ஒரு கயிறு அவர் கையில், ஒரு கயிறு என் கையில். இடையில் சாரத்தில் தொங்கியபடி செம்பன், கலியாண ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடக்கும். தொடாமல் தாங்குவதற்கு அதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது. பதினெட்டாம் நாள் இடது பாதம் முழுதாக நிலத்தில் பட்டது. ஒரே ஒரு அடி. "கண்டீங்களா?" என்றார் காக்கா. நான் குனிந்து, மண்ணில் பதிந்திருந்த அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

நாலாம் கிழமை எல்லாம் தலைகீழானது. நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். செம்பனை அறைக்குள் கட்டிலின் காலில் கட்டிவிட்டுப் போவேன். மத்தியானம் வீட்டுக்கார அக்கா ஒருதரம் பார்ப்பா. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் காக்கா குடாவில் திரும்பும்போது ஹோன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும், துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த என் அறைக்குள் செம்பன் ஊளையிடும். அன்றைக்கு நான் துறையில் நிற்கிறேன், ஹோன் கேட்கிறது, ஊளை கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், கழுத்தில் கயிறு இழுபட, மூன்று காலில் செம்பன் ஓடி வந்துகொண்டிருக்கிறது. முடிச்சு கழன்றிருந்தது. கட்டிலில் ஏறி, யன்னலால் குதித்திருக்கிறது. இடது கால் மறுபடியும் அந்தரத்தில்.

காக்கா கரைக்கு வந்து அந்தக் கயிற்றின் தலைப்பைப் பார்த்தார். "இது ஆடு கட்டுற முடிச்சு தம்பி" என்றார். உண்மைதான். எங்கள் ஊரில் ஆட்டை அப்படித்தான் கட்டுவோம். ஆடு நின்று தழை தின்னும், ஹோன் சத்தத்துக்கு ஓடாது. கடற்கரையில் வாழ்ந்துகொண்டு, சுற்றிவர முடிச்சு போடத் தெரிந்த மனிதர்களை வைத்துக்கொண்டு, தோட்டக்காரன் முடிச்சில் ஒரு நாயின் காலைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் என்னால்தான். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் வைத்தியர் வெளியூரிலிருந்து திரும்பினார். படுக்க வைத்து, இரண்டு எலும்பையும் பிடித்து, முன்னே தள்ளினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லாச்சி திறக்கவில்லை" என்றார். நான் முன்பு ஒருதரம் சொன்ன உவமையை அவர் ஞாபகம் வைத்திருந்தார். நைலோன் நரம்பு அறாமல் பிடித்திருக்கிறது, சுற்றியுள்ள தசை உளைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு தடவை என்றால் தன்னைக் கேட்க வேண்டாம் என்றார்.

அடுத்த நாளிலிருந்து லோஞ்சி ஹோன் அடிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. தூரத்திலேயே இஞ்சினை நிறுத்தி, நீண்ட கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தார். வந்தது வந்தபடி, நேரத்துக்குத் திரும்பியும் போனார். தேத்தண்ணீர்க் கடையில் ஹோனுக்காகக் காத்திருந்த பதினொரு பேர் துறையில் நின்று வெறும் கடலைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் தலைமை எழுதுவினைஞர். மத்தியானத்துக்குள் இஞ்சினியர் எழுத்தில் விளக்கம் கேட்டார். காக்காவுக்காக அதை எழுத வேண்டியவன் நான். ஹோன் பழுது என்று எழுதிவிடலாமா என்றேன்.

"ஹோன் பழுதில்லையே."

"இல்லை. ஆனா நாய்க்காக எண்டு எப்பிடிக் காக்கா எழுதுறது?"

"அதத்தானே நாம செஞ்சது. அத எழுதுங்க. பொய் எழுதினா, ஹோனைத் திருத்தினதெண்டு மறுகா இன்னொரு பொய் எழுத வேணும்."

எழுதினேன். களஞ்சியத்து எழுதுவினைஞரின் நாய்க்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருப்பதாகவும், ஹோன் கேட்டால் அது குதிக்கும் என்பதாகவும், குதித்தால் கால் போய்விடும் என்பதாகவும். இஞ்சினியர் அதை இரண்டு தடவை வாசித்தாராம். கடைசியில், ஹோனுக்குப் பதில் லோஞ்சிக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏற்றவும், தேத்தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு கண்ணைக் கடலில் வைத்திருக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆறேழு கிழமை அந்தக் கடையில் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடித்தார்கள். செம்பனைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் திட்டிவிட்டு, "இப்ப எப்பிடி?" என்று கேட்காதவர்களும் குறைவு.

கடலில் நடத்தலாம் என்ற யோசனையும் காக்காவுடையதுதான். தண்ணீரில் பாரம் இல்லை, காலுக்கு வேலை மட்டும் இருக்கும் என்றார். காயம் நன்றாக ஆறிவிட்டதால் வைத்தியரும் சம்மதித்தார். உட்துறைமுகத்தில் அலை இல்லை. குளம் மாதிரிக் கிடக்கும். பின்னேரம் நாயின் நெஞ்சளவு தண்ணீரில் தூக்கைப் பிடித்துக்கொண்டு மூவரும் நடப்போம். தரையில் கவனமாக வைத்துத் தூக்குகிற காலை, தண்ணீருக்குள் செம்பன் தயங்காமல் போட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், நான்கு வெள்ளைப் பாதமும் மணலில் பதிவது தெரியும். நான் பார்த்துக்கொண்டே நடப்பேன். எனக்கு அந்த நாட்களில் அதைவிடச் சந்தோஷமான காட்சி வேறு இல்லை.

ஆனால் தண்ணீருக்குள் ஒரு முழத் தூரம் எப்படி நிற்கும்? ஈர நாய் அவர் காலில் உரசும், தொடையில் சாயும், கரைக்கு வந்ததும் அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் உடம்பை உதறும். நடை முடிந்ததும் காக்கா என் வீட்டுக் கிணற்றடிக்குப் போவார். ஒரு பால்மா டின்னில் சுத்தமான செம்மண் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் வைத்திருந்தார். ஒரு தண்ணியில் மண்ணைக் கரைத்து, மீதி ஆறையும் நல்ல தண்ணீராக வார்த்து, பட்ட இடமெல்லாம் கழுவி, சாரத்தை அலசிப் பிழிந்து மாற்றுச் சாரம் உடுத்து, பிறகுதான் தொழுகைக்குப் போவார். ஒவ்வொரு நாளும். ஒருநாள் எனக்கு மனம் கேட்கவில்லை. ஏன் காக்கா இவ்வளவு கஷ்டம், நான் தனியப் பார்க்கிறேன் என்றேன். அவர் வாளியைச் சரித்துக்கொண்டே சொன்னார்: "இது கழுவினாப் போயிரும் தம்பி. அவர்ட கால் போனா வராதே."

எட்டு, பத்தானது, பத்து, பதினொன்றானது. கடைசியாக வைத்தியரிடம் கொண்டுபோன நாளில் அவர் லாச்சிப் பரிசோதனையோடு நிற்கவில்லை. "உட்காரச் சொல்லுங்கள்" என்றார். முழங்கால் நோகிற நாய் அந்தக் காலை மடிக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் இருக்குமாம். செம்பன் உட்கார்ந்தது. இரண்டு பின்னங்காலையும் மடித்து, நேராக, பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்க இருக்கிற பிள்ளை மாதிரி. "இனி கயிறு வேண்டாம்" என்றார். கடற்கரை மணலில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காக்கா தூரத்தில் நின்றார். "விடுங்க தம்பி, விடுங்க" என்றார். விட்டேன். செம்பன் ஓடிய ஓட்டத்தில் எது அறுந்த கால் என்று தெரியவில்லை. நேரே அவரிடம்தான் ஓடியது. ஓடிப் போய் அவருக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றது. எனக்கு எரிச்சல் வரவில்லை. மணலில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எனக்கு நாய் இல்லை. கடலும் கிட்டத்தில் இல்லை. எனக்கு மாற்றம் கிடைத்து நான் ஊர் திரும்பியபோது செம்பன் லோஞ்சியோடு நின்றுவிட்டது. அது கிழடாகிச் செத்த வரைக்கும், யாராவது துறைமுகத்து ஆள் யாழ்ப்பாணம் வந்தால் காக்காவிடமிருந்து ஒரு சேதி வரும்: சுகமாக இருக்கிறார், நல்லா நடக்கிறார். அந்த நைலோன் நரம்பு பிறகு எப்போது அறுந்ததோ, அறவில்லையோ, யாருக்கும் தெரியாது. காக்காவும் இப்போது இல்லை. அவரை நினைக்கும்போது என் நினைவுக்கு வருவது அந்த ஓட்டம்கூட அல்ல. அதற்கு இரண்டு கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அவர் என்னைக் கிண்ணியாவுக்குச் சாப்பிடக் கூப்பிட்ட நாள்.

பாதை என்று அவர்கள் சொல்லும் மிதவையில் துறையைக் கடந்து போனேன். ஜும்மாத் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பாய் விரித்து, ஒரு தட்டுக்கு ஆறு பேராகச் சுற்றி இருத்தி, நெய்ச்சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து எனக்குப் பருப்பும் கத்தரிக்காயும் தனியாக இருந்தன. நான் பாயில் இருக்கப் போனேன். காக்காவின் மச்சினன் ஓடிவந்து தடுத்தார். உள்ளேயிருந்து ஒரு கதிரை வந்தது. கதிரைக்கு மேல் ஒரு தலையணையும் வந்தது. எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மடக்க ஏலுமா தம்பி இப்ப?" என்று மச்சினன் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி சொன்னார்: "பாவம், நல்லாக் கஷ்டப்பட்டுப் போனீங்க போல. மூணு மாசம் இவர் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேட்டவர். லோஞ்சில வாற ஒருத்தருக்கு முழங்காலில ஒபரேசன், அந்தக் கால் ஊண்டினாப் பத்து வீட்டுக்குச் சோறு குடுக்கிற எண்டு நேர்ச்சை வச்சவர். அல்லாஹ் சுகத்தத் தந்திட்டான்."

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் அடுத்த தட்டுக்குச் சோறு அள்ளுவதில் முழுக் கவனமாக இருந்தார். தலை நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. இஞ்சினியருக்குப் பயப்படாமல் உண்மையை எழுதச் சொன்ன மனிதர், இங்கே ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். கதிரையை விட்டு இறங்கி, எல்லோரும் பார்க்கப் பாயில் இரண்டு காலையும் மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தேன்.

"நல்லா மடக்கலாம்" என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது..." என்று சொல்லி, 'பின்னங்கால்' என்று வரவிருந்த சொல்லை நாக்கிலேயே பிடித்து விழுங்கினேன்.

"ஓடலாமா?"

"ஓம், ஓடலாம். குதிக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ள வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

அவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். சிறு பிள்ளைகள் வந்து என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடிந்து புறப்படும்போது காக்கா வேலிப் படலைவரை வந்தார். "நான் பொய் சொல்லல்ல தம்பி" என்றார் மெதுவாக. "ஒருத்தர் எண்டுதான் சொன்னனான்." அது எனக்குத் தெரியும் என்றேன். திரும்பிப் பார்த்தேன். மனைவி, மச்சினன், பிள்ளைகள், சோறு சாப்பிட்ட அயலவர்கள் எல்லோரும் வாசலில் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மிதவைத் துறைவரை, அவர்கள் கண்ணில் நன்றாகப் படும்படி, என் இடது காலை ஊன்றி ஊன்றி நடந்தேன்.